வெள்ளைத்தாள் போதும்

எங்கள் தெருவில் யாருக்கும் சாகிற உத்தேசம் இல்லை. அதனால் உயிலும் இல்லை. பேச்செடுத்தாலே, "நல்ல வார்த்தையே வாயில வராதா?" என்று வீட்டம்மாக்கள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாமா, மகள் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவர். வீடு யாருக்கு என்பதை மட்டும் "பசங்க பாத்துப்பாங்க" என்று விட்டுப் போனார். பசங்க பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், கோர்ட்டில், வாய்தாவுக்கு வாய்தா.

இத்தனைக்கும் உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவுகூடக் கட்டாயமில்லை (செய்தால் நல்லது). எழுதியவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். 1925-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்பது ஏறக்குறைய அவ்வளவே. மொய் நோட்டு எழுத உட்காருவதற்கே இதைவிட ஏற்பாடு அதிகம்.

நாம் எழுதாவிட்டால் 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது: ஆண் போனால் மனைவி, மகன், மகள், தாய் என ஆளுக்குச் சமபங்கு. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே சமையலறையில் கால் கால் பங்கு!

"பேங்க்ல நாமினி போட்டாச்சே" என்பார்கள். நாமினி பணத்தை வாங்கி வைப்பவர்தான், சொந்தக்காரர் அல்ல.

மாமா வீட்டு வாசலில் இப்போது மூன்று பூட்டு.