ரிக்கார்டு பிளேயர் வாசிப்பது எப்படி?

பாட்டுப் போடுவது வேறு, வாசிப்பது வேறு. இரண்டாவதைச் செய்து சோழவந்தானில் பேர் வாங்க நினைப்பவர்களுக்கான பாடங்கள்:

1. கருவி: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 (1972) உத்தமம். கட்டுப்படியாகாதவர்கள் பழைய மைக் செட்காரர் வீட்டுப் பரணைப் பாருங்கள். "அதுவே பாடுமே தம்பி, நீங்க எதுக்கு?" என்பார். பதில் சொல்லாமல் வாடகையை மட்டும் பேசுங்கள்.

2. வம்சாவளி: டீக்கடையில் யாராவது சிரித்தால், 1939-லேயே இசையமைப்பாளர் ஜான் கேஜ் வேகம் மாறும் ரிக்கார்டு பிளேயர்களைக் கச்சேரிக் கருவியாக்கிவிட்டார் என்று சொல்லுங்கள். சிரிப்பு கூடும். பொருட்படுத்த வேண்டாம்.

3. தட்டு: கீறல் முக்கியம். கிறிஸ்டியன் மார்க்லே 1985-ல் உறையே இல்லாமல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். கைமாறும்போது விழும் கீறலும் தூசியும் அதன் இசையில் சேர்த்தி. நமக்கு அந்த மெனக்கெடல் இல்லை. ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவுக்கு நாலு தடவை போய்வந்த தட்டே போதும்.

4. பாடகர்: பக்கத்துத் தென்கரைக்காரர் டி.ஆர்.மகாலிங்கம். உச்சஸ்தாயிக்குப் பேர்போனவர். அவருடைய 78 சுற்றுத் தட்டை 33-ல் ஓட்டினால் ஒரு ஸ்தாயிக்கும் கீழே இறங்கிவிடுவார். ஊர்ப் பெரியவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யவும்.

5. தாளம்: ஊசி துள்ளாமலிருக்க மைக் செட்காரர் அதன் தலைமேல் ஒரு காசை ஒட்டியிருப்பார். எடுத்துவிடுங்கள். 78 வேகத்தில் ஓட்டினால் ஊசி கீறலில் மாட்டி, பாட்டின் ஒரு துண்டு நிமிடத்துக்கு 78 தடவை வரும். அசையாத காலப்பிரமாணம், தவில்காரர் தலையாட்டிக்கொண்டே புகுந்துகொள்வார். இப்போது தட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்துங்கள். சுருதியும் காலமும் சேர்ந்தே சரியும். தவில்காரர் முறைப்பார். விரலை எடுங்கள், இரண்டும் ஏறும். பாட்டை எவரோ எப்போதோ பாடி முடித்துவிட்டார். எங்கே பிடிப்பது, எப்போது விடுவது என்பது மட்டுமே உங்களுக்கு மிச்சம். மனோதர்மம் முழுக்க அதில்தான்.

6. தட்டைப் பிடுங்கிக்கொண்டால்: ஜப்பானின் ஓட்டோமோ யோஷிஹிதே தட்டே இல்லாமல் வாசிப்பவர். நீங்களும் வெறும் சுழலும் மேடைமேல் ஊசியை வையுங்கள். குழாய் ஸ்பீக்கரில் கேட்கும் கரகரப்புக்குத் தெருநாய்கள் முதலில் எதிர்ப்பாட்டுப் பாடும். சேர்ந்து வாசியுங்கள்.

7. மங்களம்: கடைசியில் ஒரு பாட்டை ஒழுங்காக ஓடவிடுங்கள். கைதட்டல் அப்போதுதான் விழும். "ரிப்பேர் சரியாயிருச்சு, பொதுமக்கள் பொறுத்துக்கணும்" என்று விழாக் கமிட்டியார் மைக்கில் அறிவிப்பார். எழுந்து கும்பிடு போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.