முறுக்கிவிட்ட விமானம்: தஞ்சோங் கிளிங் வழி ஓர் ஆய்வு முன்னோட்டம்

0. ஆய்வின் தேவை

ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் விமானம் பற்றி ஆராயும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் கேட்காததைச் செய்வதே ஆய்வு என்பதால், தேவை தானே நிறுவப்பட்டது.

1. வரையறை

கயிறு கிடையாது. ரிமோட் கிடையாது. உள்ளே ஆளும் கிடையாது. பால்சா மரக் குச்சியில் எலும்புக்கூடு, மேலே மெல்லிய தாள், மூக்கில் விசிறி, வயிற்றில் ரப்பர் பட்டை. முறுக்கிக் கையை எடுத்தால் போகும். போன பிறகு, செய்தவர் செய்யக்கூடிய ஒரே காரியம் பின்னால் ஓடுவது. 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லெரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் ஓடும் ஒன்றைப் பறக்கவிட்டார். 11 விநாடி, சுமார் 40 மீட்டர். இந்தச் செய்தியில் சர்ச்சைக்கு இடமில்லை. ஆகவே நமக்குப் பயனில்லை.

2. இடப்பெயராய்வு

மலாயில் தஞ்சோங் என்றால் கடலுக்குள் நீளும் முனை. கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்தது என்பர். இன்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும் சொல்; ஊர்ப் பெயரில் மட்டும் கௌரவமாக நிற்கிறது. நாம் கண்டது வேறு. கிளிங் என்பதில் 'ங்' மூக்கடைப்பால் வந்தது. நீக்கினால் கிளி. கிளி பறக்கும். நிறுவப்பட்டது (ஒட்டுக்கடை வாய்மொழி மரபு, முதல் தேத்தண்ணி).

மலாக்காவின் இவ்வூரில், மலாய்க் கதைகளின் வீரர் ஹங் துவாவின் சமாதி என்று ஓர் இடமும் உண்டு. அவர் இருந்தாரா இல்லையா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். சமாதி அதைப் பொருட்படுத்தாமல் இருக்கிறது.

3. பறக்கவிடுவோர் வகை

(அ) முறுக்குவோர்: தீபாவளி முறுக்குக்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டு, ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.

(ஆ) பிடித்துக்கொள்வோர்: முறுக்குபவர் மனைவி.

(இ) ஓடுவோர்: மெலிந்தவர்கள்.

(ஈ) தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்து நிற்போர்: பெரும்பான்மையினர்.

4. மயிற்பொறிச் சிக்கல்

இனிதான் ஆய்வு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் மனைவி விசயைக்காக மயிற்பொறி ஒன்று செய்விக்கிறான். வலமாகத் திருகினால் ஏறும், இடமாகத் திருகினால் இறங்கும். விசயை அதில் ஏறித் தப்புகிறாள். மயில் போய் இறங்குவது சுடுகாட்டில். உ.வே.சா. இந்நூலை 1887-இல் பதிப்பித்தார். அன்று தொடங்கி நம்மவர் விமானம் கண்டுபிடிப்பதை நிறுத்தவே இல்லை.

சுடுகாட்டில் இறங்கியது ஏன்? நேரம் ஆனதும் வாலை நிமிர்த்தி விமானத்தைத் தரையிறக்கும் ஏற்பாடு ஒன்று இந்தப் பொழுதுபோக்கில் உண்டு. முன்பெல்லாம் புகையும் திரி ஒன்று எரிந்து நூலை அறுத்து அதைச் செய்யும். அது இல்லாவிட்டால், வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் சிக்கி விமானம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விடும். மயிலின் திரி நமுத்திருந்தது என்பது நம் துணிபு (மேற்படி மரபு, இரண்டாம் தேத்தண்ணி, ரொட்டி சானாய் எண்ணெய் பட்டதால் அடுத்த வரி சிதைவு).

திருகு உண்டென்றால் முறுக்கு உண்டு. முறுக்கு உண்டென்றால் ரப்பர் உண்டு. ஆனால் ரப்பரோ, 1876-இல் விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளால், லண்டன் கியூ தோட்டம் வழியாக இந்தப் பக்கம் வந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி அதை நடச் சொல்லிக் கெஞ்சிக் கெஞ்சியே 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். அவர் பேச்சைக் கேட்டவர் நம் மலாக்காவின் டான் சாய் யான். 1890களின் நடுவில் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் போட்ட முதல் தோட்டம் அது. சிந்தாமணிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. சாதாரண மனிதன் இங்கே பின்வாங்குவான். ஆய்வாளன் வாங்க மாட்டான். ஆண்டைப் பின்வாங்க வைப்பான்.

சான்று இதோ. இவ்விமானப் போட்டிக்காரர்கள் தேடி வாங்கும் அமெரிக்க ரப்பர் பட்டைக்கு 'டான்' என்று பெயர். எந்த மாதம், எந்த ஆண்டு செய்தது என்று பார்த்துப் பார்த்துப் பதுக்குவார்கள். உலகப் போட்டியில் 30 கிராமுக்கு மேல் ரப்பர் போடக்கூடாது என்பதால், ஒவ்வொரு கிராமுக்கும் ஊறுகாய் ஜாடிக்குரிய மரியாதை. ஆங்கிலத்தில் டான் என்றால் இளம்பழுப்பு என்பது மேலோட்டமாகப் படிப்போர் கூற்று. டான் என்றால் டான் சாய் யான் (மேற்படி மரபு, மூன்றாம் தேத்தண்ணி, அதற்கு எதிர்மேசைக்காரர் மறுப்பு, மறுப்புக்குக் கடைக்காரர் விருத்தியுரை, விருத்தியுரைக்குக் கல்லாவிலிருந்து வந்த குறிப்புரை: 'பழைய பாக்கி எப்போது?').

நட்டதில் டான் பெயர் உண்டு, நடச் சொன்னதில் ரிட்லி பெயர் உண்டு. இருட்டில் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாகப் பால் வெட்டி, மங்கு மங்காகச் சேர்த்து, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பிய நம் பாட்டிமார் பெயர் எந்த அடிக்குறிப்பில் இருக்கிறது? (ஆதாரம்: உங்கள் அலமாரியில் உள்ள எந்தப் புத்தகமானாலும் சரி.)

5. களப்பணி

ஆய்வு முடிந்த நிலையில், பக்கத்து வீட்டுப் பையன் திடலுக்குக் கூப்பிட்டான். மாலைக் கடல்காற்று அடங்கியிருந்தது. "அங்கிள், இத கொஞ்சம் பிடிங்க" என்றான். நான் விமானத்தின் உடம்பைப் பிடித்தேன். அவன் ரப்பரை இழுத்து நீட்டி முறுக்கத் தொடங்கினான். இவ்வளவு நேரம் சும்மா நிற்பானேன் என்று மயிற்பொறியை விளக்கினேன். "விடுங்க அங்கிள்" என்றான். விசயை அப்போதுதான் ஏறியிருந்தாள். "அங்கிள், விடுங்க!" சுடுகாடு வருவதற்குள் ரப்பர் பட்டென்று அறுந்து என் விரலில் அடித்தது.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பட்டை மாட்டினான். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை, சொன்னதும் விட்டேன்.

6. முடிவு

14 விநாடி பறந்தது. பெனோவைவிட மூன்று கூடுதல். ஆதாரம், பையனின் கைக்கடிகாரம். மேற்கோள் வேறு இல்லை.