நக்கலியல்: வீட்டுச் சாக்லேட் குறித்து ஒரு புனே ஆய்வு

தமிழில் 'நக்கல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, நாக்கால் செய்வது. மற்றதும் நாக்கால் செய்வதுதான். ஆனால் அதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். முதலாவதில் குழந்தைகள் வல்லவர்கள். இரண்டாவதில் எங்கள் கோயம்புத்தூர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை என்றுதான் நம்பியிருந்தேன். வேலைக்காகப் புனே வந்தபின் அந்த நம்பிக்கை ஆடிவிட்டது. இங்கே நக்கலைப் பலகையில் எழுதி வாசலிலேயே மாட்டிவிடுகிறார்கள். 'புணேரி பாட்டி' என்று பெயர். நம் பாட்டி அல்ல; மராத்தியில் பாட்டி என்றால் பலகை. மணியை எத்தனை முறை அடிக்கலாம், வாசலை மறித்து வண்டி நிறுத்தினால் டயரின் கதி என்ன, பகல் ஒன்று முதல் நாலு வரை தூங்குகிறவரை எழுப்பினால் என்ன கேட்க நேரும் என்பதையெல்லாம் அந்தப் பலகைகள் விளக்கும்.

இவ்விரு நக்கலுக்கும் இடையே உள்ள உறவை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்கூடம், கோத்ரூடில் எங்கள் சமையலறை. ஆய்வாளர்கள், ஒன்பது வயது மகளும் (இனி 'அ') ஆறு வயது மகனும் (இனி 'ஆ'). நெறியாளர் நான். நிதிநல்கை என் மனைவி. தணிக்கைக் குழுவும் அவரே. காலம், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. கருதுகோள்: வீட்டில் சாக்லேட் செய்யும் குழந்தைகள் அளவை, வெப்பம், பொருளின் நிலைமாற்றம், பொறுமை ஆகிய நான்கையும் கற்பார்கள். இது பெற்றோர் வாட்ஸப் குழுவில் வந்த செய்தி. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை.

முன்னோர் ஆய்வை மதிப்பிடுவது மரபு. 1753-ல் லின்னேயஸ் கோகோ மரத்துக்கு 'தியோப்ரோமா' என்று பெயர் வைத்தார். தேவர்களின் உணவு என்று பொருள். 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தத் தேவருணவை இந்தியாவில் நட்டுப் பார்க்கத் தேர்ந்த இடம் நம் குற்றாலம். அருவிக்குப் போகிற எவரும் இதை நினைப்பதில்லை. எண்ணெய் தேய்த்துக்கொள்கிற மும்முரம். புனேக்கும் பங்குண்டு. தளேகாவ் பக்கம் இந்தூரியில் கேட்பரி ஆலை இருக்கிறது. 'அப்போ அங்கேயே போய் வாங்கலாமே?' என்று அ கேட்டாள். ஆய்வு மனப்பான்மைக்கு எதிரான இக்கேள்வி பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

இனி மூலப்பொருள். அசல் சாக்லேட்டின் உயிர் கோகோ வெண்ணெய். அது ஆறு விதமாகப் படிகமாகும். பளபளப்பும், உடைக்கும்போது 'டக்'கென்ற ஓசையும் தருவது ஐந்தாவது வடிவம் மட்டுமே. அதைப் பிடிக்க, 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27-க்கு இறக்கி, மறுபடி 31, 32-க்கு ஏற்ற வேண்டும். எங்களிடம் இருந்ததோ காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர். 35-க்குக் கீழே எதையும் அது ஒப்புக்கொள்ளாது. தவிர, ஐந்தாம் வடிவம் சுமார் 34 டிகிரியில் உருகும். வாய்க்குள் 37 என்பதால்தான் சாக்லேட் நாக்கில் கரைகிறது. புனேயின் மே மாதப் பகலோ 38-ஐத் தாண்டும். அதாவது மே மாதப் புனே முழுவதுமே ஒரு திறந்த வாய்.

ஆகவே ரவிவார் பேட்டையில் 400 கிராம் 'காம்பவுண்ட்' கட்டி வாங்கினேன். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது. உருக்கினால் உருகும், ஊற்றினால் உறையும்; ஏற்ற இறக்கம் எதுவும் கேட்காது. அரசு ஊழியராக ஏற்ற பொருள்.

கொட்டையிலிருந்தே தொடங்கலாம் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. வீட்டிலேயே சாக்லேட் அரைக்கும் அமெரிக்கர்கள் பலர் முதலில் கையிலெடுத்த இயந்திரம், நம் கோயம்புத்தூர் டேபிள்-டாப் கிரைண்டர். புவிசார் குறியீடு பெற்ற அதே கிரைண்டர்தான். ஒரு நாளுக்கும் மேலாக விடாமல் ஓட்டுவார்கள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருப்பதால் யோசனையைத் தணிக்கைக் குழுவின் முன் வைத்தேன். 'ஏனுங்க, நாளைக்கு இட்லி வேணுமா, வேண்டாமா?' என்றது குழு. கூட்டம் முடிந்தது.

முதல் 200 கிராமை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கி, அச்சில் ஊற்றி, உறைந்ததும் நிறுத்தேன். 131 கிராம். பாத்திரத்தில் ஒட்டியது, கரண்டியில் ஒட்டியது என்று தாராளமாகக் கழித்தாலும் கணக்கு உதைத்தது. ஆய்வாளர்களின் மீசையைப் பார்த்ததும் உதைப்பது நின்றது. பொருண்மை அழிவின்மை விதியோடு சேர்த்துச் சொல்லப்படும் லவாய்சியருக்குப் பிள்ளைகள் கிடையாது. இது தற்செயல் அல்ல என்பது என் துணிபு. இதே புனேயில், ஐயூகா வானியல் மைய வளாகத்தின் குழந்தைகள் அறிவியல் மையத்தில், அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் வைத்துக் கணக்கும் அறிவியலும் கற்பித்தார். அந்த மேதைமையின் ஆழம் எனக்கு அன்றுதான் புரிந்தது. தீக்குச்சியை எந்தக் குழந்தையும் நக்குவதில்லை.

இரண்டாவது 200 கிராமில் விபத்து. ஆ கரண்டியை நக்கினான். 'கழுவிட்டுப் போடு' என்றேன். கீழ்ப்படிந்த பிள்ளை, கழுவிவிட்டு ஈரத்தோடு போட்டான். நெய்போல ஓடிக்கொண்டிருந்தது நொடியில் களிமண்ணாகிவிட்டது. கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்கள் துளி நீரில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதே காரணம். விந்தை என்னவென்றால், கெடுப்பது துளி நீர். இன்னும் நிறைய ஊற்றினால் திரும்ப இளகிவிடும். சூடான பாலைக் கொட்டி நாலு தம்ளரில் ஊற்றினோம். நான்கு பாடங்களில் இது இல்லை. ஆனால் அன்று குழந்தைகள் உண்மையில் கற்ற அறிவியல் இதுதான். உருகுவது மீளும் மாற்றம் என்று பள்ளியில் படித்த அ, 'தின்னா மீளாது' என்று தானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

பொறுமை? அச்சிலிருந்து எடுத்ததை எதிர்வீட்டு ஆஜிக்கு (மராத்தியில் ஆஜிதான் நம் பாட்டி) கொடுக்க இருவரும் ஓடியபோது மணி இரண்டு பத்து. ஆஜியின் கதவில் மேற்படிப் பலகை உண்டு. மணியை மூன்று முறை அடித்தார்கள். ஆஜி கதவைத் திறந்து பலகையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். 'ஆணகீ ஆஹே கா?' என்றார். இன்னும் இருக்கிறதா என்று அர்த்தம்.

மறுநாள் காலை எங்கள் குளிர்பெட்டியில் மராத்தியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. என் மொழிபெயர்ப்பு: 'இதனுள் சாக்லேட் இல்லை. நம்பாதவர்கள் திறந்து பார்த்து வெட்கப்படலாம். அப்பாவுக்கும் இது பொருந்தும்.'

அட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கைரேகை. நக்கிப் பார்த்தேன். காம்பவுண்ட்தான்.