சினிமா பாத்து நர்சாவுற பேத்திக்கு

இன்னாம்மா, நர்சிங் காலேஜில பேசப் பழகறதுக்குப் படம் போட்டுக் காட்றாங்களாமே? நல்லாதான் கீது. ஸ்ரீதர் 1962ல எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' டெண்ட் கொட்டாயில மணல்ல குந்திப் பாத்தவன் நான். படம் பூரா ஆஸ்பத்திரிதான். முத்துராமன், தான் போயிட்டா டாக்டரயே கட்டிக்கன்னு பொண்டாட்டிகிட்ட எவ்ளோ நேரம் பேசுவாரு! நம்ம பழவேற்காட்டுல பொண்டாட்டிகிட்ட பேசறது கருவாட்டு வெலை மட்டுந்தான்.

'வசூல்ராஜா'வும் போட்டாங்கன்னியே, 2004ல கமலு நடிச்சது. கட்டிப்புடி வைத்தியத்த மட்டும் கத்துக்கினு வந்துறாத. நம்ம குப்பத்துக் கெழவன் ஒருத்தனக் கட்டிப்புடிச்சா, நாளைக்கும் காய்ச்சல்னு வந்து வரிசையில மொதல்ல நிப்பான். அசையாம கெடக்கற ஆளப் பத்தி எல்லாரும் பேசறப்ப, ராஜா அந்தாள்கிட்டயே பேசுவான் பாரு, அத எடுத்துக்க.

அப்பறம் செல்லுல காட்டினியே, 2001ல வந்த 'விட்'. எம்மா தாம்சன் புத்துநோயில கெடக்கறா. வர்ற டாக்டருங்க "எப்படி இருக்கீங்க"ன்னு கேக்கறாங்க, பதிலு யாருக்கு வேணும்? ராத்திரி சூசின்ற நர்சு குச்சி ஐஸ் எடுத்தாந்து குடுக்கறா. அவ பாதிய ஒடச்சி நர்சுக்கே நீட்றா. ரெண்டு பேரும் சப்பிக்கினே, உசுரு நின்னா திரும்ப இழுத்துப் புடிக்கலாமா வேணாமான்னு பேசறாங்க. அத்தாம் பெரிய பேச்சு, குந்திப் பேசறாங்க.

இப்ப நம்ம ஏரிக்கு வா. பறிக்கூடையப் பல்லுல கடிச்சிக்கினு, தண்ணியில எறங்கி கையால எறா பொறுக்கறவ உங்கிட்ட வருவா. வெரலெல்லாம் சிப்பி கீறின புண்ணு. "எங்க வலிக்குது?"ன்னு கேளு, "ஒண்ணுமில்ல"ம்பா. "நாளைக்கு ஏரியில எறங்குவியா?"ன்னு கேளு. கையப் பாப்பா. அப்பறம் புண்ணு வரும், தாடை வலி வரும், தூங்காததும் கடனும் சேந்து வரும். நடுவுல "சரி சரி, மாத்திரை"ன்னு பூந்துறாத. ஏரியில மொற வெச்சி வலை போடற நம்ம பாடு முறை தெரியுமில்ல? அவங்க பாடு வந்த நாளு அவங்கதான் வலை போடணும். நீ கரையில குந்திக்க.

இன்னொரு தபா படம் போட்டா, சத்தத்தக் கொறச்சிட்டுப் பாரு. எந்த நர்சு படுக்கையாண்ட குந்தறா, எவ வாசப்படியில நின்னே மருந்து பேரச் சொல்றான்னு கணக்கு எடு. வாத்தியாரம்மா திட்டினா, தாத்தா சொன்னாருன்னு சொல்லாத.

ஆங், லீவுல வந்து எனக்கு ரத்தக்கொதிப்பு பாப்பியே, அப்ப கருவாடு எவ்ளோ துன்னேன்னு மட்டும் கேக்காத. "ஒண்ணுமில்ல"ன்னுதான் சொல்லுவேன்.