கதவு திறந்திருந்தும் எட்டு பாஸ்கல்

ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றே சிப்காட் பூங்கா வருகிறது என்ற செய்தி வெளியானதிலிருந்து, நான் அங்கே ஏதோ பெரிய பொறுப்பில் இருப்பதாகச் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். நானும் மறுப்பதில்லை. என் பட்டறை வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், பஞ்சர் கடைக்கு அடுத்த ஷட்டர். ஆஸ்பத்திரிகளின் அழுத்தமானி, ஈரப்பதமானிகளைச் சரிபார்த்து, தேதி போட்ட கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் ஒட்டித் தருகிறேன். ஸ்டிக்கர் ஒட்டுவதில் மட்டும் இதுவரை பிசகியதில்லை.

பாதரசம் போனதால் வந்த பிழைப்பு இது. 2013-இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசத் தெர்மாமீட்டர், பிபி கருவியோடு பாரோமீட்டரையும் ஹைக்ரோமீட்டரையும் நிறுத்த வேண்டிய பட்டியலில் சேர்த்து, 2020-ஐக் கெடுவாக வைத்தது. 2018-இல் இந்தியாவும் ஏற்றது. பாதரசத்தின் கேட்டை நாம் ஜப்பானின் மினமாட்டா வரை போய்ப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடியும், அதன் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வர 2016 ஆயிற்று. ஆகவே பாதரசத்துக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அந்தக் கனமே அளவுகோல். கெட்டுப்போனாலும் உடைந்து தரையில் உருண்டு ஊரைக் கூட்டிவிடும். இப்போதைய சவ்வும் சென்சாரும் தப்பு செய்தால் முகத்தில் காட்டிக்கொள்வதே இல்லை. என்னைப் போலவே.

என் தப்புகளில் முதலில் உப்புக் கதை. டிஜிட்டல் ஹைக்ரோமீட்டரைச் சோதிக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு டப்பாவில் இறுக மூடிவைத்தால், உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உப்பு சொதசொதவென்று இருக்க வேண்டும், கரைந்துவிடக் கூடாது. நான் தாராளமாக ஊற்றினேன். உப்பு முழுக்கக் கரைந்து, மீட்டர் 84 காட்டியது. அது சொன்னது நிஜம். நான் அதட்டி 75-க்கு இறக்கினேன். ஆபரேஷன் தியேட்டரில் ஈரப்பதம் 60-ஐத் தாண்டக் கூடாது என்பது ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் விதி. நம் ஊர்க் காற்றுக்கு அது சுலபமான காரியமில்லை. என் மீட்டரோ மாட்டிய அன்றே 53 காட்டியது. ஏசி ஆபரேட்டர் பூரித்துப்போனார். "சார், உங்க மீட்டர்தான் கரெக்டா காட்டுது, பழசு எப்பப் பாத்தாலும் 62-ன்னே நிக்கும்." பாராட்டை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

பாரோமீட்டர் விஷயம் சின்னது. நுரையீரல் பரிசோதனை அறையின் அனிராய்டு முள்ளை, போனில் வந்த வானிலை எண்ணுக்குத் திருகிவைத்தேன். அந்த எண் கடல் மட்டத்துக்குக் கணக்கிட்டது. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம். எட்டு மீட்டருக்கு ஒன்று வீதம், நாலைந்து ஹெக்டோபாஸ்கல் கூடிப்போனது. கொடைக்கானல் உயரத்தில் இதைச் செய்திருந்தால் இருநூறைத் தாண்டியிருக்கும். நல்லவேளை, மலைமேல் எனக்கு ஆர்டர் கிடைப்பதில்லை.

தியேட்டருக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வித்தியாசத்தைக் காட்டும் டிபி கேஜின் கதைதான் பெரியது. ஊர், பெயர் வேண்டாம். தியேட்டருக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கலாவது கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் நடைபாதைக் காற்று கிருமியோடு உள்ளே வராது. சுவரில் இருந்த கேஜ் எட்டு காட்டியது. ஸ்டிக்கரைத் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் கேட்டார்:

"சார், கதவு ஆன்னு தொறந்து கெடக்குது. இப்பவும் எட்டு காட்டுதே, அது எந்தக் காத்து?"

"அது ரெசிடுவல் பிரஷர், சிஸ்டர்" என்றேன். அப்படி ஒன்று கிடையாது.

"ஓ. எவ்ளோ நேரத்துல எறங்கும்?"

இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது இறங்குவதாக இல்லை. அப்போதுதான் உறைத்தது: பட்டறை மேஜையில் கேஜைப் படுக்கவைத்துப் பூஜ்யம் பார்த்தவன், சுவரில் நிமிர்த்தி மாட்டிய பிறகு பார்க்கவில்லை. நிமிர்த்தினால் உள்ளே சவ்வின் எடை வேறு பக்கம் சாயும், முள் நகரும். முகப்பில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினோம். முள் ஒன்றைத் தாண்டவில்லை. தியேட்டருக்குக் காற்று அனுப்பும் ஏஹெச்யூவின் ஃபில்டர் அடைத்துக்கொண்டு கிடந்ததை என் எட்டு பாஸ்கல் அதுவரை மூடி மறைத்திருக்கிறது.

அடுத்த கேஸைத் தள்ளிவைத்து ஃபில்டரை மாற்றினார்கள். முள் 12-க்கு ஏறியது. சிஸ்டர் பதிவேட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துப் புதுக் கட்டம் ஒன்று கோடு போட்டார்: 'கதவு திறந்த நிலையில்'. தினமும் காலையில் அதில் பூஜ்யம் எழுத வேண்டும் என்றார். முதல் வரியில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அந்தக் கட்டம் என் யோசனை என்று அடுத்த ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் புது ஆர்டர் பிடித்தேன்.