வாக்குத்தத்த அட்டைப் பெட்டி: ஒரு நிகழ்தகவு ஆய்வு

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடியும் தறுவாயில், தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் ஒரு தட்டோ பெட்டியோ வரிசையாக நகர்ந்து வரும். சபையார் கண்ணை மூடி, ஒரு நொடி ஜெபித்து, ஆளுக்கோர் அட்டை எடுப்பார்கள். அதிலிருக்கும் வசனமே அந்த ஆண்டுக்குக் கர்த்தர் அவருக்குத் தந்த வாக்குத்தத்தம். வெளியூரில் இருக்கும் மகனுக்காக அம்மா எடுப்பதும் செல்லும். திரித்துவத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய இறையியலாளர்கள் இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காதது கல்வியுலகுக்கு இழுக்கு. அக்குறையைப் போக்க முனையும் இக்கட்டுரையின் துணிபு இதுதான்: பெட்டியில் சீட்டு உண்டு, குலுக்கல் கிடையாது.

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், ஏறத்தாழ 31,100 வசனங்கள். கண்ணை மூடி எடுப்பவருக்கு இவற்றில் எதுவும் வரலாம் என்றால், ஒன்று நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களை அடைத்திருக்கும் வம்ச அட்டவணையும் யாருக்காவது வந்தாக வேண்டும். அதன் முதல் வசனத்தில் மூன்று பெயர்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த அட்டையோடு வீடு திரும்பியவரை நம் சபைகளில் தேடிப் பயனில்லை. உபாகமம் 28 இன்னும் வலுவான சான்று. அதன் 68 வசனங்களில் முதல் 14 ஆசீர்வாதம். மீதி 54-ம் சாபம். வாலாக்காமல் தலையாக்குவதைப் பேசும் 13-ஆம் வசனம் ஆண்டுதோறும் அச்சேறுகிறது. அதையே தலைகீழாக்கி, அந்நியனைத் தலையாகவும் நம்மை வாலாகவும் வைக்கும் 44-ஆம் வசனம் அச்சகத்தின் படியை மிதித்ததே இல்லை. எகிப்தின் கொப்புளங்களை எச்சரிக்கும் 27-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இது தற்செயல் அன்று. கர்த்தர் கைக்கு வருமுன் பெட்டி வேறொரு கையால் சலிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் ஆயரம்மாவின் கையாக இருக்கலாம்.

இதற்கு மறுப்புகள் எழும். சீட்டுப் போடுவது வேதத்திலேயே உள்ளதுதானே, யூதாசின் இடத்துக்கு மத்தியாவை அப்படித்தானே எடுத்தார்கள், அங்கும் இரண்டு பேரை முன்கூட்டியே நிறுத்தினார்களே என்பார்கள். சரியான வாதம்தான். ஆனால் அந்தச் சீட்டில் யோசேப்பு பர்சபா தோற்றார். யோனா ஏறிய கப்பலில் சீட்டு விழுந்தபோது அவரைக் கடலில் தூக்கிப் போட்டார்கள். வேதத்துச் சீட்டில் ஒருவருக்காவது வயிறு கலங்கும். நம் பெட்டியில் அந்தப் பயமே இல்லை. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவிய சபையாரிடையே சின்சென்டார்ஃப் பிரபு 1728-இல் தொடங்கிய அன்றாட வசன வழக்கத்தையும் சிலர் முன்வைக்கலாம். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் சீட்டெடுத்தே தெரிவு செய்கிறார்கள். அந்த மொரேவியர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள் என்பதால், அவர்களை நம் பெட்டியின் பாட்டனாராக்கிவிடும் ஆசை ஆய்வாளருக்கு எழுவது இயல்பு, அடக்கிக்கொள்கிறேன். அவர்களும் தொகுத்துவைத்த வசனங்களிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு நாளுக்கு ஒரு வசனம், அதுவே எல்லோருக்கும். இங்கே ஒரே வீட்டில் ஐந்து பேருக்கு ஐந்து வசனம். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வந்ததைவிடப் பெரிதா என்ற ஒப்பீடு வேறு.

சோர்ந்த மனிதருக்கு ஆறுதல் வேண்டாமா என்பதுதான் கனமான மறுப்பு. மருத்துவமனைச் செலவையும் மகளின் கல்யாணத்தையும் சுமந்து வந்தவரிடம் கொப்புளத்தை நீட்ட எவருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் ஆறுதலை அரை வசனமாக நறுக்கினால் அது இளைத்துப்போகிறது. நன்மையான முடிவை உறுதிசெய்யும் எரேமியா 29:11 இந்தப் பெட்டிகளின் அரசன். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்திய வசனம் கொடுக்கும் தவணை 70 ஆண்டு. இன்னும் சற்று முன்னே போனால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்ற அறிவுரை. கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த 70 ஆண்டுத் தவணையை நாம் அடுத்த டிசம்பருக்குள் கேட்கிறோம். வராவிட்டால் வேறு அட்டை எடுக்கிறோம்.

ஆகவே அட்டை அச்சிடுவோருக்கு ஆய்வாளரின் பணிவான விண்ணப்பம்: எரேமியா 29:11-க்கு மேலே 10-ஆம் வசனத்தையும் போடுங்கள். ரோஜாப்பூப் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் இடம் தாராளமாக இருக்கும்.