மண்டைக்காட்டு அடுப்புகளில் மிகைத்தீ: ஓர் ஆய்வு

அடுப்பில் தீ பிடிக்காமல் போவதைப் பற்றி மனிதகுலம் வேண்டிய மட்டும் கவலைப்பட்டாயிற்று. ஊதுகுழல், விசிறி, சீமெண்ணெய், மாமியாரின் ஏச்சு என்று அதற்குப் பரிகாரங்கள் ஏராளம். தீ கூடிப்போனால் என்ன செய்வது என்பதை மட்டும் பெரியோர் எவரும் முறையாக எடுத்துப் பேசியதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்து மண்டைக்காடும் அதன் சுற்றுவட்டாரமும். ஆய்வுக்குரிய இயந்திரம் மூன்று கல், ஒரு பானை. திருகுவதற்குக் குமிழ் இல்லாத இயந்திரம் என்பதை வாசகர் கடைசிவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே மாதிரி அடுப்பில், ஒரே மாதிரி ஓலைத்தீயில், ஒன்றுக்கொன்று நேர்விரோதமான இரண்டு சித்தாந்தங்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் புகைகின்றன. பகவதியம்மன் கோவிலுக்கு மாசிக் கொடைக்கு வந்து பொங்கலிடும் பெண்களுக்குப் பானை பொங்கியே ஆகவேண்டும். பனைமூட்டில் அக்கானி என்னும் பதநீரைக் கருப்பட்டிக்காகக் காய்ச்சும் பெண்களுக்கு அது பொங்கவே கூடாது. முன்னவரைப் பொங்கல்வாதிகள் என்றும் பின்னவரை அடக்கல்வாதிகள் என்றும் வசதிக்காக அழைப்போம். இரு தரப்பும் இதுவரை ஒரே மேடையில் வாதிட்டதில்லை. காரணம் எளிது: பல வீடுகளில் இரண்டும் ஒரே ஆள்தான்.

பொங்கல்வாதிகளின் களம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கொடை பத்து நாள். கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி கட்டி வருவதால் பெண்களின் சபரிமலை என்ற பெயர் நிலைத்துவிட்டது. கருவறையில் ஏறத்தாழ 15 அடி உயரப் புற்றே அம்மன். வெளியே, கண்ணுக்கெட்டிய மட்டும் அடுப்பு. வெயில் ஏறியதும் கடற்காற்று எழும்பும். அது எழும்பியதும் தீ படுத்துவிடும். தன் பானைக்கடியில் நிற்காமல் அடுத்த பானையின் பக்கவாட்டை நக்கப் போகும். இவள் கொண்டுவந்த ஓலை எரிந்து அவள் அரிசி வேகும் இந்த நிகழ்வில்தான், மிகைத்தீ என்பது பெரும்பாலும் இடம் தவறிய தீயே என்ற நம் முதல் எடுகோள் பிறக்கிறது. பானைக்கு வெளியே சாம்பலும் மண்ணும் குழைத்துப் பூசி வந்தவர்கள் இதற்கும் தயாராக வந்தவர்கள். கரி அந்தப் பூச்சில் ஒட்டும். ஊருக்குத் திரும்பியபின் தேய்த்துக் கழுவினால் பூச்சோடு போய்விடும்.

பொங்கும் திசை பற்றியும் ஒரு சொல். நுரை கிழக்கே வழிந்தால் நல்லது என்பார்கள். அரிசிக் கஞ்சியின் மாவுப்பசையும் பாலின் புரதமும் குமிழிகளுக்குத் தோல் கட்டிவிட, உள்ளே எழும் ஆவி அந்தத் தோலோடு மேலே தூக்கிக்கொண்டு வருவதுதான் பொங்கல். விளிம்பு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வழியும். கிழக்குப் பக்கத்துக் கல்லைக் கொஞ்சம் பதித்து வைக்கும் அனுபவசாலிகளை இந்த ஆய்வாளன் கண்டிருக்கிறான். இதைப் பித்தலாட்டம் என்று சொல்பவருக்குப் பொறியியல் தெரியாது. குரவை இட வேண்டிய நேரத்தில் பானை மேற்கே சாய்ந்தால் யார் பதில் சொல்வது?

அடக்கல்வாதிகளின் சிக்கல் இதைவிட ஆழமானது. கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது அக்கானி. தடவாமல் விட்டால் அது தானே நுரைத்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளு ஷாப்பே உண்டு. ஆக, மேனாட்டான் பொழுதுபோக்காகச் செய்யும் வீட்டுக் காய்ச்சலுக்கும் நம் ஊர்க் காய்ச்சலுக்கும் இடையே ஒரு விரல் சுண்ணாம்பே வேலி. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றமில்லாமல் போனது. அங்கே பழைய எஃகுப் பீப்பாயின் தலையை அறுத்து, கீழே பெரிய கேஸ் பர்னரை வைத்துக் காய்ச்சுகிறார்கள். தீ பீப்பாயின் பக்கவாட்டில் ஏறி, குழாயின் பிளாஸ்டிக் கைப்பிடியையும் வெப்பமானியையும் உருக்கிவிடுகிறதாம். தகரத்தை வளைத்து மறைப்புக் கட்டி ஒப்பேற்றுகிறார்கள். நம் அடுப்பில் உருகுவதற்கு ஒன்றுமில்லை, ஆள் ஒருத்தியைத் தவிர.

காய்ச்சுகிறவர்களை இளக்காரமாக நினைப்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. வெப்பம் என்பது ஆற்றலின் ஒரு வடிவம் என்று அளந்து நிறுவிய ஜேம்ஸ் ஜூல், இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் பீர் வடிக்கும் குடும்பத்தில் 1818-ல் பிறந்தவர். பாரன்ஹீட் பாகையில் 200-ல் ஒரு பங்குவரை தன்னால் அளக்க முடியும் என்றார். பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள் நம்பத் தயங்கினார்கள். வடிசாலையில் வளர்ந்தவனுக்குச் சூடு கைப்பழக்கம் என்பது அவர்களுக்கு எட்டவில்லை.

இனி, பனைமூட்டுக்கு வருவோம். காலையில் இறக்கிய அக்கானியை அடக்கல்வாதி ஒருத்தி வடிகட்டிப் பானையில் ஊற்றி, காய்ந்த ஓலையையும் மட்டையையும் சிரட்டையையும் வைத்து மூட்டுகிறாள். ஓலைத்தீ கோபக்காரத் தீ. எரிந்தால் ஒரேயடியாக எரியும், அடுத்த நிமிடம் சாம்பல். நுரை முதலில் வெளுப்பாக ஓரத்தில் ஒதுங்கும், பிறகு நடுவில் கூடும், பிறகு ஒரே மூச்சில் கழுத்துக்கு ஏறும். அந்த நேரத்தில் அவள் செய்வதைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் பதற்றத்தின் சாயலே இருக்காது. "பைய இழு பிள்ளே, அணைச்சுப் போடாதே" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே, நீள அகப்பையால் கோரி உயரத் தூக்கி ஊற்றுகிறாள். காற்றுப் பட்டுக் கொஞ்சம் ஆறும். அதற்கும் மசியாவிட்டால் இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு வித்தை, எடுத்துத் தோலுரித்து, கல்லில் நசுக்கி, விரல் நுனியால் வழித்து உள்ளே போடுகிறாள். கழுத்துவரை வந்த நுரை சொல்லிவைத்தாற்போல் உள்ளே இறங்குகிறது. ஆமணக்கெண்ணெயின் துளி குமிழியின் தோலில் புகுந்து பரவி அதை அறுத்துவிடுகிறது என்று வேதியியல் விளக்கும். தொழிற்சாலைகளில் இதற்கு சிலிக்கோன் கலவை ஊற்றுகிறார்கள். ஆமணக்கு வித்தில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருப்பது உண்மை. ஆனால் அது புரதம், கொதியில் சிதைந்து போகும். கூப்பாடு போடும் படித்தவர்கள் அமைதி கொள்ளலாம்.

கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் அக்கானி வேண்டும். அதாவது ஆறேழு லிட்டர் தண்ணீரை ஆவியாக விரட்ட வேண்டும். ஒரு லிட்டரை விரட்ட ஏறத்தாழ 2,260 கிலோஜூல். அளவுக்குக்கூட அந்த வடிசாலைப் பிள்ளையின் பெயர்தான். வெப்பம் முழுக்கப் பானைக்கே போனால் ஒரு கிலோ விறகு போதும். திறந்த மூன்று கல் அடுப்பிலோ நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் பானைக்குப் போகிறது. மிச்சம் ஆகாயத்துக்கும், கூரைக்கும், குனிந்திருப்பவள் முகத்துக்கும். ஆகவே நாம் தேடிவந்த மிகைத்தீ எப்போதாவது நேர்கிற விபத்தாக இருக்கவில்லை. எரிவதில் பெரும்பங்கே அதுதான். இதைக் குறைக்க வார்தாவில் மகன் அடுப்பு செய்தார்கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆஸ்த்ரா அடுப்பு செய்தார்கள், 1983-ல் அரசே தேசியத் திட்டம் போட்டது. நல்ல அடுப்புகள். மழைக்கு ஓர் இடம், வெயிலுக்கு ஓர் இடம் என்று கல்லைத் தூக்கி மாற்றிப் போடுகிறவளுக்குத் தரையோடு கட்டிய அடுப்பு தோதுப்படவில்லை என்பது என் எண்ணம்.

காய்ச்சலின் தொடக்கத்தில் தீ கூடினால் நுரையோடு போயிற்று. தண்ணீர் இருக்கும்வரை எவ்வளவு எரித்தாலும் சூடு 100 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். கூடுதல் தீயை ஆவி சுமந்துகொண்டு போய்விடும். ஆபத்து கடைசிக் கட்டத்தில்தான். தண்ணீர் வற்றிக் கூழ்ப்பதம் வந்ததும் கொதிநிலை ஏறத் தொடங்கும். 110, அதற்கும் மேல். சூட்டைச் சுமந்துபோக ஆளில்லை. கொள்ளியை வெளியே இழுத்தாலும் கங்கும் கல்லும் பானையும் தேக்கிய சூடு சும்மா இருக்காது. அரை நிமிடம் அசந்தால் காலை முதல் பட்ட பாடெல்லாம் கசப்பு. எனவே தீயை இழுக்க வேண்டிய நேரம், இழுக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு முந்திய நேரம். சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பது அதற்குத்தான். வெப்பமானியைக் கொடுத்துப் பார்க்கலாம். அதைப் படித்துச் சொல்வதற்குள் பதம் தாண்டியிருக்கும்.

தலைவலிக்கு நேர்ந்து அம்மனுக்குப் படைக்கும் மண்டையப்பம் இந்தச் சண்டையில் சேராதது. அரிசி மாவை உருட்டி ஆவியில் அவிப்பதால் தீ எத்தனை துள்ளினாலும் அப்பத்துக்கு 100 பாகைக்கு மேல் தெரியாது. புகையில் நின்று தரவு சேகரித்து மண்டை கனத்த ஆய்வாளனுக்கும் அதுவே பரிந்துரை.

இறுதியாக, மிஞ்சிய கங்கை என்ன செய்வது? வீணாக்க மனம் வராமல் சிலர் அதில் அண்டி, அதாவது முந்திரிக் கொட்டை, சுடுவார்கள். இங்கே ஆய்வு முட்டுச்சந்துக்கு வந்து சேர்கிறது. அண்டித் தோட்டுக்குள் எண்ணெய் இருக்கிறது. சூடேறியதும் பீறிட்டு, பற்றி, அடங்கிக் கிடந்த கங்கின்மேல் ஓர் ஆள் உயரத்துக்குத் தீயை எழுப்பும். மிகைத்தீயைத் தீர்க்கப் போய்ப் பெற்றது பெருமிகைத்தீ. அதற்கு ஒரே வழி மண். இரண்டு கை அள்ளி மேலே எறிந்தால் ஆயிற்று.

எறியும் மண்ணையும் கொஞ்சம் பார்க்கலாம். பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஜெர்மானியர் ஷோம்பர்க் கண்டுகொண்டார். அதிலிருந்து எடுக்கும் தோரியத்தில் ஐரோப்பாவின் எரிவாயு விளக்குகளுக்கு மேன்டில் செய்தார்கள். சாதாரணச் சுடரின் வெளிச்சம் மங்கல். பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். தோரியம் ஆக்சைடு வலையை அதன்மேல் மாட்டினால் அது உருகாமல் தகித்து, அந்தச் சூட்டை வெள்ளை வெளிச்சமாகக் கொடுத்தது. நம் ஊர்க் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸிலும் அதே வலைதான். எரிவது மிஞ்சினால் அதை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு விடை காலடியிலேயே கிடந்தது. கப்பலேறிப் போய் அது விளக்கானது. இங்கே அண்டி அடுப்பில் தீயணைக்கிறது.